ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர்: பழைய டீசல் பிக்கப்ல மாட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

ஓபிடி ஸ்கேனர்னா வண்டியோட சாக்கெட்ல சொருகி, எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்றத போன்ல காட்டற குட்டி டப்பா. முதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். ஆனா கோடு (செக் லைட் எரிஞ்சா பதிவாகற தப்பு நம்பர்) படிக்கறதுக்குன்னு வாங்காதீங்க, வண்டி ஓடும்போது உள்ள என்ன நடக்குதுன்னு நம்பர்ல பாக்கறதுக்கு வாங்குங்க. வெறும் கோடு தெரிஞ்சா போதும்னா ஜே.சி. ரோடு பக்கம் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிட்ட போனாலும் மிஷின் மாட்டி உடனே சொல்லிருவாங்க, அதுக்காக நாம தனியா ஒண்ணு வாங்கி வெச்சுக்க வேண்டியதே இல்ல.

வண்டி எங்க மாமாவோடது, அக்கா வீட்டுக்காரர். பெங்களூர் ரிஜிஸ்ட்ரேஷன், 2014 மாடல், பிஎஸ்4, நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் பிக்கப். கம்பெனி பேர் வேணாம், இந்தத் தொல்லை எந்தக் கம்பெனி வண்டியிலயும் வரும். ஓசூர் பக்கம் தக்காளி, பீன்ஸ் ஏத்திட்டு விடியறதுக்குள்ள கலாசிபாளையம் மார்க்கெட்ல இறக்கணும், லேட்டா போனா நல்ல விலை கிடைக்காம போயிடும். வண்டி என்ன பண்ணுச்சுன்னா, காலைல முதல் ஸ்டார்ட்டுக்கு ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்கணும், புடிச்ச அப்புறம் ஸ்லோல (ஆக்சிலேட்டர மிதிக்காம ஓட விடும்போது) ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்கும், கேபினே நடுங்கும். லோடோட எலக்ட்ரானிக் சிட்டி எலிவேட்டட் ஏத்தத்துல மிதிச்சா செக் லைட் எரிஞ்சு பவர் மொத்தமா போயி ஊர ஆரம்பிக்கும், பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன். ஓரம் கட்டி சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும், அடுத்த ஏத்தம் வரைக்கும்.

ஒரு பெரிய ஒர்க் ஷாப்ல (பேர் போடல) ஸ்கேன் பண்ணாங்க. பி0087 வந்துச்சு, ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டருங்களுக்கு டீசல் குடுக்கற பொதுக் குழாய்ல அழுத்தம், கம்மின்னு அர்த்தம். உடனே தீர்ப்பு, நாலு இன்ஜெக்டரும் போச்சு, ஹை பிரஷர் பம்பும் சந்தேகம், எஸ்டிமேட் 80,000 கிட்ட. மாமா பேயறைஞ்ச மாதிரி வந்து நின்னாரு. "அந்தக் காசுக்கு பழைய வண்டியே ஒண்ணு வாங்கிருவேன்டா, நீ ஏதோ கம்ப்யூட்டர் எல்லாம் பாப்பியே, கொஞ்சம் பாரேன்"ன்னாரு. நான் பாக்கறது கம்பெனில எக்செல் ஷீட், ஆனா அது அவருக்கு ஒண்ணுதான். அப்பதான் இந்த ஸ்கேனர் வாங்குனது.

எஸ்.பி. ரோட்டுலயும் ஆன்லைன்லயும் 500 ரூபாய்க்குள்ள கிடைக்கற நீலக் கலர் குட்டி டப்பா ஒண்ணு, அப்புறம் அது சரிவரலன்னு 1,500 ரூபாய் கிட்ட இன்னொண்ணு, ரெண்டையும் இதே வண்டில மாட்டிப் பாத்தாச்சு. டப்பா மேல எல்லாம் ஈஎல்எம்327ன்னு போட்டிருக்கும், உள்ள இருக்கற சிப்போட பேர் அது. அந்த சிப் கனடால எல்ம் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி 2005ல கொண்டு வந்தது, முதல் வெர்ஷனுக்கு காப்பி அடிக்காம இருக்க பூட்டு எதுவும் போடாம விட்டுட்டாங்க, அவ்வளவுதான், ஊரெல்லாம் டூப்ளிகேட் ஆயிடுச்சு. இதுல காமெடி, கடைக்காரர் "சார் 1.5 வெர்ஷன் எடுங்க, 2.1 எடுக்காதீங்க"ன்னு அடிச்சு சொல்றாரு, ஆனா 1.5ன்னு ஒரு வெர்ஷன எல்ம் கம்பெனி விட்டதே இல்ல, அது டூப்ளிகேட் பண்றவங்க வெச்ச நம்பர். அந்தக் கம்பெனியும் 2022ல கடையை மூடிட்டாங்க. அதனால மேல ஒட்டியிருக்கற நம்பரப் பாத்து வாங்கறதுல அர்த்தமே இல்ல. நம்ம வண்டிகிட்ட பேசுதா இல்லியா, அத மட்டும் பாருங்க.

எனக்கு வந்த நீலக் கலரு பேசுச்சு, ஆனா திக்கித் திக்கி. இந்த வயசு வண்டி நிறைய கே லைன்னு ஒரு ஒயர்லதான் ஸ்கேனர்கிட்ட பேசும், 16 பின் சாக்கெட்ல 7ஆவது பின். அது பழைய ஸ்லோ லைன், செகண்டுக்கு 10,400 பிட்தான். புது வண்டில இருக்கற கேன் லைன் 6, 14 பின்ல வரும், அது வேற வேகம். கே லைன்ல ஆப்ல பத்து மீட்டர் வெச்சா ஒரு நம்பர் மாறி அடுத்த தடவ மாறறதுக்குள்ள நீங்க சிக்னலே தாண்டிருவீங்க. அதனால ஸ்க்ரீன்ல மூணே மூணு வெச்சுக்கங்க, ஆர்பிஎம், ரெயில் பிரஷர், எஞ்சின் லோடு (எஞ்சின் எவ்வளவு சிரமப்படுதுன்னு சதவீதத்துல), மத்ததெல்லாம் தூக்கிருங்க, அப்பதான் இது உபயோகத்துக்கு வரும். விலை கூடின ரெண்டாவது டப்பா கனெக்‌ஷன் விடாம நின்னுச்சு, நான் இப்ப வெச்சிருக்கறது அதுதான். ஆப்புல டார்க் (Torque), கார் ஸ்கேனர் ரெண்டுமே போட்டுப் பாத்தேன், எது பிடிக்குதோ வெச்சுக்கங்க, பெரிய வித்தியாசம் தெரியல. ப்ளூடூத் சேக்கும்போது பின் நம்பர் கேட்டா 1234 இல்லன்னா 0000. ஐபோன் வெச்சிருக்கவங்க சாதா ப்ளூடூத் டப்பா வாங்கிடாதீங்க, போனோட சேராது, ப்ளூடூத் எல்இ இல்ல வைஃபை மாடல்தான் வேலை செய்யும்.

கோடு வந்த உடனே எல்லாரும் பண்ற காரியம் ஒண்ணு இருக்கு, க்ளியர் பட்டன் அமுக்கறது. அமுக்காதீங்க. கோடு விழுந்த அந்த நேரத்துல வண்டி எந்த நிலைமைல இருந்துச்சுன்னு ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஒரு குறிப்பு எடுத்து வெக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு சொல்றது, க்ளியர் பண்ணா அதுவும் சேந்து அழிஞ்சிரும். என் பார்வைல இந்த டப்பாவோட முக்கால்வாசி விலை அந்த ஒரு ஸ்க்ரீனுக்கே தீந்துருச்சு. மாமா வண்டில பி0087-க்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் பாத்தா கூலன்ட் சூடு 84, எஞ்சின் லோடு 90 சதவீதத்துக்கு மேல, ஆர்பிஎம் 2,200 கிட்ட, ஸ்பீடு 40க்குள்ள. அதாவது ஃபுல் லோடுல ஏத்தம் ஏறும்போது டீசல் நிறைய கேக்குது, அந்த அளவுக்கு வரமாட்டேங்குது. ஒர்க் ஷாப்ல ஸ்லோல நிறுத்தி வெச்சு மிஷின் மாட்டிப் பாத்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, கேக்கவும் இல்ல. ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறமா அழிங்க, அழிச்ச அப்புறம் எந்தக் கோடு முதல்ல திரும்பி வருதுன்னு பாருங்க. பென்டிங்னு தனியா ஒரு லிஸ்ட் இருக்கும், லைட் எரியாமலேயே உள்ள சந்தேகம் பதிவாகிட்டு இருக்கறது அதுல தெரியும்.

கோடோட முதல் எழுத்து பி (P)-ன்னா எஞ்சின், கியர் பக்கம், சி-ன்னா பிரேக் மாதிரி சேசிஸ் சமாச்சாரம், பி-ன்னே தமிழ்ல எழுதற இன்னொரு எழுத்து (B) வந்தா பாடி, யு-ன்னா கன்ட்ரோல் யூனிட்டுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதுல தகராறு. அடுத்த இடத்துல 0 இருந்தா எல்லா கம்பெனிக்கும் பொது, 1 இருந்தா அந்தக் கம்பெனியோட சொந்தக் கோடு. இந்த 1 வர்ற கோடுகள்லதான் ஆப் கதை விடும், வேற ஏதோ கம்பெனியோட அர்த்தத்த எடுத்து நம்ம வண்டிக்குப் போட்டுக் காட்டும். நம்பி பார்ட் வாங்கப் போயிடாதீங்க.

யூடியூப்ல தேடினா வர்றது பெரும்பாலும் அமெரிக்க பெட்ரோல் பிக்கப் வீடியோ. பி0300 மிஸ்ஃபயர், ப்ளக் மாத்து, காயில் மாத்து, அங்க அது சரி. நம்ம டீசல்ல ப்ளக்கும் இல்ல காயிலும் இல்ல (க்ளோ ப்ளக் வேற, அது காலைல சூடாக்க மட்டும்). டீசல்ல மிஸ் அடிச்சா பாக்க வேண்டியது டீசல் வருதா, காத்து வருதா, கம்ப்ரெஷன் இருக்கா, இந்த மூணுதான்.

இப்ப ரெயில் பிரஷர். ஆப்ல இது கேபிஏ கணக்குல வரும், 28,000ன்னு பாத்து பயந்துறாதீங்க, 100-ஆல வகுத்தா பார், 280 பார். ஸ்லோல 250லருந்து 350 பார் வரைக்கும் நிக்கற வண்டிதான் அதிகம், நின்னா அசையாம நிக்கணும், அதான் முக்கியம். மாமா வண்டில அது 210, 290, 230ன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு, ஆர்பிஎம்மும் கூடவே ஆடுச்சு. காய் ஏத்திட்டு வரும்போது நான் பக்கத்து சீட்ல போன வெச்சுக்கிட்டு உக்காந்து பாத்தேன், ஏத்தத்துல 1,000 பாருக்கு மேல இருக்க வேண்டியது 600க்கு சரிஞ்சுது, அந்த நொடில லைட் எரிஞ்சுது. ஓட்டறவங்களே போனப் பாக்காதீங்க, ஆப்ல ரெக்கார்ட் பண்ற வசதி இருக்கு, வீட்டுக்கு வந்து கிராஃபா பாத்துக்கலாம்.

பிரஷர் விழுதுன்னு தெரிஞ்சாச்சு, ஏன் விழுதுன்னு டப்பா சொல்லாது. இங்கதான் கொஞ்சம் யோசிக்கணும். இன்ஜெக்டர் தேய்ஞ்சு ரிட்டர்ன்ல (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பற வழி) டீசல் அதிகமா போச்சுன்னா சூடான அப்புறம்தான் தொந்தரவு கூடும், டீசல் சூட்டுல நீர்த்துப் போகும் இல்லையா, டீ குடிக்க நிறுத்திட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணா பிடிக்காது. இந்த வண்டிக்கு தலைகீழா, சூடா இருந்தா ஒரே செல்ஃப்ல புடிக்கும், ராத்திரி பூரா நின்னு காலைலதான் அடம். அதோட மாமா பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னாரு, டேங்க் ஃபுல்லா இருந்தா நடுக்கம் கம்மியா இருக்காம், கால் டேங்குக்குக் கீழ போனாதான் ஜாஸ்தியாம். ஸ்கேனர்ல எந்த மெனுவுலயும் இல்லாத டேட்டா அது, ஆனா பாதி விஷயம் அதுலயே இருந்துச்சு. இந்த வண்டில டேங்குக்குள்ள மோட்டார் கிடையாது, முன்னாடி இருக்கற பம்பே டீசல உறிஞ்சி எடுக்கணும். டேங்க்ல மட்டம் இறங்க இறங்க இழுக்கற பாரம் கூடும், வழில எங்கயாவது ஒரு ஓட்டை இருந்தா டீசலுக்குப் பதிலா காத்து உள்ள வரும். நின்ன வண்டில அதே ஓட்டை வழியா காத்து புகுந்து லைன்ல இருக்கற டீசல் டேங்குக்கே இறங்கிரும், அதான் காலைல அவ்வளவு நேரம் செல்ஃப்.

கீழ ஒரு சொட்டு டீசல் கூட ஒழுகலயேன்னு அந்த ஒர்க் ஷாப்ல கேட்டாங்களாம். ஒழுகாதுங்க. உறிஞ்சற பக்கம் ஓட்டை இருந்தா வெளிய வராது, உள்ளதான் போகும்.

கலாசிபாளையத்துல டீசல் பம்ப் வேலை மட்டும் பாக்கற ஒரு பாய் இருக்காரு, சின்ன ஷெட், தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசுவாரு. ஸ்க்ரீன்ஷாட்டையும் கிராஃபையும் காட்டினேன். "இத மொதல்லயே யாராச்சும் எடுத்துட்டு வந்தா என் வேலை பாதி மிச்சம் சாமி"ன்னாரு. முதல்ல நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் ட்யூபையும் கழட்டி நாலு சின்ன பாட்டில்ல விட்டு வண்டிய ஸ்லோல ஓட விட்டாரு. ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் ரொம்பினா அந்த இன்ஜெக்டர் குத்தவாளி. நாலுலயும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். அப்ப இன்ஜெக்டர் கதை முடிஞ்சுது. அப்புறம் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு துண்டு கண்ணாடி மாதிரி தெரியற ஹோஸ் போட்டாரு. ஸ்டார்ட் பண்ண உடனே வரிசையா குமிழி, சோடா பாட்டில் தோத்துது போங்க. ஃபில்டர் மேல இருக்கற கைப்பம்புக்குப் போற ரப்பர் ஹோஸ்ல க்ளாம்புக்கு அடியில முடி மாதிரி ஒரு வெடிப்பு, ஃபில்டருக்குக் கீழ தண்ணி வடிக்கற திருகுல ஓ-ரிங்கும் காஞ்சு போயிருந்துச்சு. ஹோஸ், ஓ-ரிங், புது ஃபில்டர், கூலி எல்லாம் சேத்து எஸ்டிமேட்டுல இருந்த தொகையோட வால் நுனி அளவுக்குக் கூட வரல. ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணா 280ல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு பிரஷர்.

இதுல ஒரு எச்சரிக்கை, பழைய டீசல் வண்டில மிஸ் அடிச்சா இன்ஜெக்டர் பைப் நட்ட ஸ்பேனர்ல லூஸ் பண்ணி எந்த சிலிண்டர்னு பாப்பாங்க, நிறைய பேர் இன்னும் அதே பழக்கத்துல இருக்காங்க. காமன் ரெயில்ல அத பண்ணவே கூடாது. 1,000 பாருக்கு மேல போற டீசல் தோலக் கிழிச்சு உள்ள போயிரும், விரலையே எடுக்க வேண்டி வரும். எஞ்சின் ஓடும்போது லீக் தேடறேன்னு கையால தடவறதும் அதே மாதிரிதான்.

பி0087 கூடவே இன்னொரு கோடும் இருந்துச்சு, பி0401, ஈஜிஆர் (புகைல கொஞ்சத்த திரும்ப எஞ்சினுக்குள்ள விடற வால்வு) ஓட்டம் பத்தல. இதப் பாத்த உடனே "ஈஜிஆர்ல தகடு வெச்சு அடைச்சிருங்க ப்ரோ, மைலேஜ் கூடும்"னு ஆளாளுக்கு அட்வைஸ். ஈஜிஆர்ல கரி அடைச்சு ஓட்டம் குறைஞ்சா வண்டி நடுங்காது, திறந்தே மாட்டிக்கிட்டாதான் ஸ்லோல நடுங்கும், கரும்புகை வரும், அதுக்கு வர்ற கோடு பி0402. ஒரு நம்பர்தான் வித்தியாசம், அர்த்தம் நேர் எதிர். கழட்டி கரியச் சுத்தம் பண்ணோம், அந்தக் கோடும் திரும்ப வரல, ஆனா வண்டியோட நடுக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருந்த மாதிரி தெரியல. ரெண்டு கோடு ஒண்ணா வந்தா ரெண்டுக்கும் ஒரே காரணம்னு நினைச்சுக்க வேண்டியதில்ல, பழைய வண்டில அது அது தனித்தனியா கெட்டுக்கிட்டு இருக்கும். பேட்டரி வீக்கா இருந்தாலோ எர்த் ஒயர் துரு புடிச்சிருந்தாலோ சம்பந்தமே இல்லாத சென்சார் கோடெல்லாம் கொத்தா வரும், அப்ப முதல்ல எர்த் பாயின்ட்ட சுரண்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க, சென்சார் வாங்கப் போகாதீங்க.

பெங்களூர்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு. எஞ்சின் ஓடாம சாவி மட்டும் ஆன்ல வெச்சு மேப் சென்சார் (எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்த அளக்கறது) பாத்தா வெளிக்காத்து அழுத்தம் காட்டணும், வீடியோல எல்லாம் 101 கேபிஏ இருக்கணும்பாங்க. நம்ம ஊர்ல 91 பக்கம்தான் காட்டும். கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல உக்காந்துட்டு இருக்கோம், அவ்வளவுதான், சென்சார் நல்லாத்தான் இருக்கு. அதே வண்டிய சென்னைக்கு ஓட்டிட்டுப் போங்க, 101 காட்டும். இத வெச்சு ஒருத்தர் சென்சார் மாத்தின கதைய ஜே.சி. ரோட்டுல கடைக்காரரே சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

ஹோஸ் மாத்தின அப்புறமும் சிக்னல்ல நிக்கும்போது கேபின்ல லேசா நடுக்கம் இருந்துச்சு, மாமா முகம் மறுபடி வாடிப் போச்சு. டப்பாவ மாட்டினா ஆர்பிஎம் கல்லு மாதிரி ஒரே இடத்துல, பிரஷரும் அசையல. அப்ப எஞ்சின் ஒழுங்கா எரியுது, நடுக்கம் வேற இடத்துல. பானெட்ட திறந்து பாத்தா ஒரு பக்க எஞ்சின் மவுன்ட் ரப்பர் பிளந்து இரும்புல இரும்பு உக்காந்திருக்கு. இத கோடு எதுவும் சொல்லாது, ஆனா எஞ்சின்ல தப்பில்லன்னு காட்டறதே பெரிய உதவி, இல்லன்னா மறுபடி இன்ஜெக்டர் பேச்சு ஆரம்பிச்சிருக்கும்.

இந்த டப்பாவால முடியாதது நிறைய. ஒவ்வொரு சிலிண்டரையா கட் பண்ணி டெஸ்ட் பண்ண வராது. புது இன்ஜெக்டர் போட்டா அது மேல அச்சடிச்சிருக்கற எழுத்தையும் எண்ணையும் ஈசியூவுல ஏத்தணும், அதுக்கு கம்பெனி டூலோ விலை கூடின மிஷினோ வேணும், அத ஏத்தாம வண்டிய வெளிய விடற மெக்கானிக் இருக்காங்க, கேட்டு வாங்குங்க. ரெயில் பிரஷர் எவ்வளவு இருக்குன்னு காட்டும், ஈசியூ எவ்வளவு கேக்குதுன்னு பழைய வண்டில பெரும்பாலும் காட்டாது, அது தெரிஞ்சா இன்னும் நல்லா இருந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கி மலிவு டப்பா செத்து செத்து எழுந்துக்கும். அது சாகாம நின்னா ஒண்ணு பாக்கலாம், செல்ஃப் சுத்துது ஆனா ஆர்பிஎம் 0 காட்டுதுன்னா க்ராங்க் சென்சாரப் பாருங்க.

பெரிய லாரி வெச்சிருக்கவங்க, 24 வோல்ட் வண்டிக்காரங்க, இத வாங்காதீங்க. அதுங்க ஜே1939ன்னு வேற பாஷை பேசும், கோடும் எஸ்பிஎன், எஃப்எம்ஐன்னு வேற மாதிரி வரும், சாக்கெட்டே சில வண்டில உருண்டையா 9 பின்ல இருக்கும். மலிவு டப்பாவ 24 வோல்ட்ல சொருகினா புகைஞ்சு போக வாய்ப்பிருக்கு. அதே மாதிரி 2013 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டில 16 பின் சாக்கெட் இருந்தும் பொது ஆப்புக்கு ஒண்ணும் தராம இருக்க வாய்ப்பிருக்கு, ஓபிடி 2 இங்க கட்டாயமானது அப்பதான். வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஓசில வாங்கி மாட்டிப் பாத்துருங்க.

எப்பவும் சொருகியே வெக்காதீங்க, 16ஆவது பின்ல சாவி ஆஃப்ல கூட கரன்ட் வரும், ரெண்டு நாள் வண்டி எடுக்கலன்னா வீக் பேட்டரிய தின்னுரும். எஸ்.பி. ரோடு போறதா இருந்தா வண்டி எடுத்துட்டுப் போகாதீங்க, நிறுத்த இடம் கிடைக்கறதுக்குள்ள பொழுது போயிரும், மெட்ரோல போங்க, வேலை செய்யலன்னா திருப்பி எடுத்துக்குவேன்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கங்க. முதல் டப்பாவுக்கு நான் 5க்கு 2 குடுப்பேன், ரெண்டாவதுக்கு 4, ஒரு மார்க் குறைச்சது அதோட ஒயர் இல்லாத தலை ப்ரேக் பெடலுக்கு மேல நீட்டிக்கிட்டு மாமா கால இடிச்சதுக்கு.